ஹிலாரிக்கு எதிராக யாராவது நிற்க வேண்டுமா, வேண்டாமா?

2014 டிசம்பர் 3
டெக்சஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "போன மாதம் செனட் கையைவிட்டுப் போனது. 2016க்கு டெமாக்ரட் பக்கம் ஹிலாரியை விட்டால் ஆள் இல்லை. அப்படியிருக்க, செனட்டர் எலிசபெத் வாரனைப் போய் நில்லுங்கள் நில்லுங்கள் என்று ஒரு கூட்டம் ஏன் கெஞ்சுகிறது? பிரைமரியில் (கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில்) சொந்தக் கட்சிக்காரர்கள் வீசும் சேற்றை மிச்சம் வைத்து நவம்பரில் ரிபப்ளிகன்கள் வீசவா? போட்டியே இல்லாமல் அவரை நிறுத்திவிட்டால் என்ன?"

2014 டிசம்பர் 3, இரவு
தம்பி சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. 2006லிருந்து நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறேன், நாஷுவாவில். பிரைமரி எங்களுக்குத் திருவிழா மாதிரி. என்ன, இந்தத் திருவிழாவில் சாமிக்குத்தான் அடி விழும்.

கணக்கைப் பாருங்கள். 1968ல் ஜான்சன் பதவியில் இருக்கும் ஜனாதிபதி. எங்கள் மாநிலத்தில் அவர் 49 சதவீதம், எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்தி 42. ஜெயித்தும் தோற்ற மாதிரி ஆகிவிட்டது. நாலு நாளில் ராபர்ட் கென்னடி குதித்தார், மாதக் கடைசியில் ஜான்சன் ஒதுங்கிக்கொண்டார், நவம்பரில் நிக்சன். 1976ல் ஃபோர்டை ரேகன் கான்சாஸ் சிட்டி மாநாடு வரை துரத்தினார்; 1187க்கு 1070 என்று ஃபோர்டு தப்பினார், அப்புறம் கார்ட்டரிடம் தோற்றார். 1980ல் அதே கார்ட்டரை டெட் கென்னடி ஆகஸ்ட் மாநாடு வரை விடவில்லை. கடைசி இரவு மேடையில் கென்னடியின் கையைப் பிடித்து உயர்த்திவிடலாம் என்று கார்ட்டர் பின்னாலேயே அலைந்த காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சித்தப்பாவைப் போட்டோவுக்கு இழுப்பது போல இருக்கும். 1992ல் பேட் புக்கானன் எங்கள் ஊரில் 37 சதவீதம் வாங்கினார், பெரிய புஷ் அந்த வருடமே வீட்டுக்குப் போனார்.

சொந்தக் கட்சிக்காரன் கீறிவிட்ட ஜனாதிபதி எவரும் அப்புறம் ஜெயித்ததில்லை. ஆகவே தம்பி கட்சிதான் நான்.

2014 டிசம்பர் 4
இதைப் படிக்கும் இன்னொரு வாசகர், மிச்சிகன் அக்கா, காலையிலேயே பிடித்துவிட்டார். "எவரும்" என்று எழுதியது தப்பு. 1972ல் நிக்சனையும் அவர் கட்சியிலேயே இரண்டு பேர் எதிர்த்தார்கள், வலது பக்கம் ஒருவர், இடது பக்கம் ஒருவர். நிக்சன் 49 மாநிலம் ஜெயித்தார்.

அக்காவின் அடுத்த குத்துதான் வலித்தது. "குடை விரித்ததால் மழை வந்தது என்கிறீர்களா?" வியட்நாம் போர் ஜான்சனைத் தின்றுகொண்டிருந்தது. கார்ட்டருக்கு விலைவாசியும் ஈரான் பணயக்கைதிகளும். புஷ் வரி ஏற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஏற்றியவர். ஏற்கெனவே ஆட்டம் கண்டவரைத்தான் எதிர்த்து நிற்கிறார்கள், நின்றதால் ஆட்டம் காணவில்லை என்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி வீம்பு.

2014 டிசம்பர் 4, மறுபடி
ஒன்று விட்டுப்போனது. உருப்படியான போட்டியே இல்லாவிட்டாலும் ஜனம் ஆளைத் தேடிப் பிடித்துவிடும். 2012ல் மேற்கு வர்ஜீனியா டெமாக்ரட் பிரைமரியில் ஒபாமாவுக்கு எதிராக டெக்சஸ் சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒருவர் நின்று 41 சதவீதம் வாங்கினார். எழுத்துப் பிழை இல்லை, நாற்பத்தொன்றுதான்.

2014 டிசம்பர் 7
இரண்டு நாளாக யோசித்ததில், நானும் அக்காவும் வேறு வேறு விஷயம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிகிறது. நான் அடுக்கியவர்கள் எல்லாம் பதவியில் இருந்தவர்கள். ஹிலாரி பதவியில் இல்லை. முன்னால் ஓடிக்கொண்டிருப்பவர், அவ்வளவுதான். அதற்குச் சரியான உதாரணம் அவரே, 2008.

அப்போதும் அவர்தான் வருவார் என்றார்கள். ஜனவரி 3ந் தேதி முதல் போட்டியான ஐயோவாவில் மூன்றாவதாக வந்தார். எங்கள் மாநிலத்திலும் ஒபாமாதான் என்று எல்லாக் கருத்துக்கணிப்பும் சொன்னது. முந்தைய நாள் போர்ட்ஸ்மவுத்தில் ஒரு காபிக் கடையில் ஹிலாரியின் குரல் தழுதழுத்தது. மறுநாள் அவரே ஜெயித்தார். தோற்ற ஒபாமா அன்றிரவு பேசிய பேச்சைத்தான் இன்றும் எல்லாரும் போட்டுக் கேட்கிறார்கள். அது நடந்தது நாஷுவா சவுத் உயர்நிலைப் பள்ளியில், எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். நான் டிவியில் பார்த்தேன். குளிர். இன்றுவரை வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சொல்ல வந்தது அதுவல்ல. அந்தச் சண்டை ஜூன் வரை இழுத்தது. கட்சி செத்தது என்றார்கள். ஆனால் மே மாதம் வட கரோலினாவிலும் இண்டியானாவிலும் ஒபாமா ஆட்கள் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. சண்டை பிப்ரவரியிலேயே முடிந்திருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டார்கள். நவம்பரில் இரண்டு மாநிலமும் ஒபாமாவுக்கு. வட கரோலினா வெறும் 14,000 சொச்சம் வாக்கில். ஒபாமாவின் பாதிரியார் அமெரிக்காவைத் திட்டிய பேச்சு வெளியே வந்ததும் மார்ச்சில்தான். அக்டோபரில் வந்திருந்தால்?

என் முதல் குறிப்பை நானே ஆட்டுகிறேன், தெரிகிறது.

2014 டிசம்பர் 14
திசை மாறுகிறேன், மன்னிக்கவும். நான் இருந்த ஒரு தமிழ்ச் சங்கத்தில் (பெயர் வேண்டாம், நாளைக்கு எல்லார் முகத்திலும் முழிக்க வேண்டும்) தலைவர் மூன்று முறை தொடர்ந்து போட்டியின்றித் தேர்வு. நல்ல மனிதர். மூன்றாம் வருடப் பொங்கல் விழாவில் சாப்பாடு பத்தவில்லை. வாசலில் காசு வாங்கியவனுக்கும் சமையல் ஆர்டர் கொடுத்தவனுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்பது சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும், தலைவரைத் தவிர. வாக்குக் கேட்டு அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை, அதனால் யாரும் அவரிடம் சொல்லவுமில்லை. வாசலில் காசு வாங்கியவன் நான்தான்.

2014 டிசம்பர் 15
டெக்சஸ் தம்பி கேட்கிறார், அப்புறம் என்ன ஆயிற்று என்று. அடுத்த வருடம் போட்டி வந்தது. இப்போது இரண்டு சங்கம், இரண்டு பொங்கல். தம்பிக்கு ஒரு பாயிண்ட்.

2015 மே 1
நேற்று பெர்னி சாண்டர்ஸ் அறிவித்துவிட்டார். நாடாளுமன்றத்துக்கு வெளியே புல்தரையில் நின்று, அவசரமாக உள்ளே போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். பக்கத்து மாநிலத்துக்காரர், வயது 73, இத்தனை நாள் கட்சியிலேயே சேராமல் இருந்தவர். கேட்ட போட்டி வந்துவிட்டது, ஹிலாரிக்கு ஒரு கீறலும் விழாது. எல்லாருக்கும் சந்தோஷம்தானே?

2015 டிசம்பர் 20
மேலே உள்ளதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

நேற்று மான்செஸ்டரில் விவாதம், வீட்டிலிருந்து அரை மணி தூரம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு. போன மாதம் நடந்ததும் சனிக்கிழமைதான். மொத்தமே ஆறு விவாதம் என்று கட்சியின் தேசியக் கமிட்டி முடிவு செய்துவிட்டு, அதிலும் யாரும் டிவி பார்க்காத நாளாகத் தேடிப் பிடித்தால் என்ன அர்த்தம்? போட்டியும் வேண்டும், யாரும் பார்க்கவும் கூடாது. ஹிலாரி விவாதத்தில் நன்றாகப் பேசுகிறவர். மறைத்து வைத்ததால் நஷ்டம் அவருக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

2016 பிப்ரவரி 10
நேற்று எங்கள் பிரைமரி. சாண்டர்ஸ் 60, ஹிலாரி 38. நான் 38ல், மனைவி 60ல்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, முழங்கால் பனி. கதவைத் தட்டியது சாண்டர்ஸ் பக்கத்து ஒரு கல்லூரிப் பையன். கையில் பேட், காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ, நனைந்து பிழியலாம் போல. என் மனைவி அவனை உள்ளே உட்காரவைத்து ஷூவை ஹீட்டர் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, சுக்குக் காபி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவன் முகம் போன போக்கு! ஆனாலும் முழுதும் குடித்தான். முறுக்கு நாலு தின்றான். கல்லூரிக் கடன் எவ்வளவு என்று சொன்னான். எங்கள் பெண் பதினொன்றாம் வகுப்பு. அவ்வளவுதான், இவள் வாக்கு போய்விட்டது. மறுநாள் ஹிலாரி பக்கமிருந்தும் ஒரு அம்மா வந்தார். என் பெயரை அச்சடித்த தாளில் சரிபார்த்து, நான் உறுதியா என்று கேட்டு, ஒரு டிக் போட்டுவிட்டுப் போய்விட்டார். காபி வேண்டுமா என்று கேட்கக்கூட நேரம் தரவில்லை.

எங்கள் மாநில வழக்கம் தெரியாதவர்களுக்கு: கட்சி எதுவும் சொல்லாமல் பதிந்தவர்கள் வாக்குச்சாவடியில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டுமானாலும் கேட்கலாம். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம், மேசைக்குப் பின்னால் ஒரு பாட்டி, கையில் அடிக்கோல். என் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, பட்டியலில் கோடு போட்டுச் சீட்டுத் தருவார். அந்த நிமிடம் நான் டெமாக்ரட். வாக்குப் போட்டுவிட்டு வெளியேறும்போது இன்னொரு மேசையில் ஒரு அட்டையில் கையெழுத்துப் போட்டால் மறுபடி கட்சி இல்லாதவன். மொத்தம் கால் மணி நேரக் கட்சி வாழ்க்கை.

2016 நவம்பர் 12
மூன்று நாளாக எழுத மனமில்லை.

தம்பி "நான் அப்போதே சொன்னேன்" என்று எழுதியிருக்கிறார். சாண்டர்ஸ் கிளப்பிய சந்தேகங்களைத்தான் டிரம்ப் அள்ளிக்கொண்டார், வால் ஸ்ட்ரீட் வங்கிகளிடம் காசு வாங்கிப் பேசிய பேச்சுகள், வர்த்தக ஒப்பந்தம் எல்லாம். உண்மைதான். ஜூலையில் கட்சி அலுவலக மின்னஞ்சல்கள் கசிந்து, தேசியக் கமிட்டித் தலைவி பதவி விலகியபோது, சாண்டர்ஸ் ஆட்கள் மாநாட்டிலேயே கூச்சல் போட்டார்கள். அதுவும் உண்மை.

ஆனால் இரண்டு மாநிலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விஸ்கான்சினில் ஏப்ரலில் சாண்டர்ஸிடம் ஹிலாரி 13 புள்ளியில் தோற்றார். எங்களிடம் 22 புள்ளி, இன்னும் மோசம். தோற்ற பிறகு எங்கள் ஊருக்கு வந்தார். ஜூலையில் சாண்டர்ஸ் அவருக்கு ஆதரவு சொன்னதே போர்ட்ஸ்மவுத்தில், செப்டம்பரில் இருவரும் டர்ஹாமில் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரே மேடையில் கல்லூரிக் கட்டணம் பற்றிப் பேசினார்கள் (என் மனைவி போயிருந்தாள்), அக்டோபரில் மான்செஸ்டரில் மிஷெல் ஒபாமா, பிறகு வாரன். நியூ ஹாம்ப்ஷயரை ஹிலாரி வெறும் 2,736 வாக்கில் தக்கவைத்தார். விஸ்கான்சினுக்கு மாநாட்டுக்குப் பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. 22,748 வாக்கில் போனது.

சாண்டர்ஸ் கீறியதால் ரத்தம் வரவில்லை. எங்கே புண் இருக்கிறது என்று காட்டினார். ஒரு புண்ணுக்கு மருந்து போட்டார்கள், இன்னொன்றைத் துணியால் மூடிவிட்டார்கள்.

2016 நவம்பர் 13
மிச்சிகன் அக்கா: "பென்சில்வேனியா?"

சரி. பென்சில்வேனியாவில் பிரைமரியில் சாண்டர்ஸை நன்றாகவே ஜெயித்தார், நவம்பருக்கு முன் திரும்பத் திரும்பப் போனார், கடைசி இரவு பிலடெல்பியாவில் அத்தனை பெரிய கூட்டம். 44,000 வாக்கில் தோற்றார். ஓஹையோவும் பிரைமரியில் ஜெயித்ததுதான். நேற்று எழுதியது ரொம்ப அழகாக இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் முழுதாக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அக்கா மாநிலத்தில் மார்ச்சில் கணிப்புகளின் சராசரி ஹிலாரி 20 புள்ளி முன்னால் என்றது, சாண்டர்ஸ் ஜெயித்தார். கணிப்புகள் அந்தப் பக்கத்து ஆட்களைச் சரியாக அளக்கவில்லை என்று அன்றே தெரிந்தது. நவம்பரில் அதே மிச்சிகன், 10,704 வாக்கு. இதற்கு அக்கா பதில் சொல்லவில்லை. அழுதுகொண்டிருக்கிறார் என்று அவர் கணவர் எழுதினார்.

2020 பிப்ரவரி 12
நேற்று எங்கள் பிரைமரியில் பைடன் ஐந்தாவது இடம். ஓட்டு முடிவதற்குள்ளேயே விமானம் ஏறித் தென் கரோலினா போய்விட்டார். முன்னணி வேட்பாளர் என்று சொல்லிக்கொண்டிருந்தவரைக் கூட்டமாகப் போட்டியிட்டு மண்ணைக் கவ்வவைத்துவிட்டார்கள். இதற்கு மேல் அவருக்கு அரசியல் இல்லை.

2020 மார்ச் 4
மேலே இருப்பதை யாரும் படிக்க வேண்டாம்.

2024 ஜனவரி 24
இழையைத் தூசி தட்டுகிறேன். இந்தத் தடவை கேள்வி பைடனுக்கு. கட்சி முதல் பிரைமரியைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்தது. எங்கள் மாநிலச் சட்டம் நாங்கள்தான் முதல் என்கிறது. ஆக பைடன் பெயரே சீட்டில் இல்லை. 21 பெயர் இருந்தது. மினசோட்டா எம்பி டீன் பிலிப்ஸ், மரியான் வில்லியம்சன், தலையில் பூட்ஸைக் கவிழ்த்துக்கொண்டு எல்லாருக்கும் ஆளுக்கொரு மட்டக்குதிரை தருவதாகச் சொல்லும் வெர்மின் சுப்ரீம் வரை. ஆயிரம் டாலர் கட்டினால் யாரும் நிற்கலாம் இங்கே. பதவியில் இருக்கும் ஜனாதிபதியின் பெயரை நான் கடைசி வரியில் வட்டத்தை நிரப்பிப் பேனாவால் எழுதினேன். கை நடுங்கியதால் பைடன், பிட்டன் மாதிரி விழுந்தது. எண்ணுகிறவர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஞாயிறன்று ஒரு போன் வந்தது. பைடன் குரல்! செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போடாதீர்கள், நவம்பருக்குச் சேமித்து வையுங்கள் என்றார். நான் இரண்டு நிமிடம் நம்பினேன். பெண்தான் "அப்பா, அது மெஷின்" என்றாள்.

பிலிப்ஸ் ஜெலாட்டோ வியாபாரத்தில் காசு பார்த்தவர். "இவருக்கு வயதாகிவிட்டது, தோற்றுப் போவோம்" என்பதுதான் அவருடைய முழுப் பிரசாரமும். சீட்டில் அச்சிடாத பைடன் பெயருக்கு 64 சதவீதம், இவருக்கு 20. ஐஸ்க்ரீம் உருகிவிட்டது என்று வாட்ஸாப்பில் ஒரு ஜோக் அனுப்பினேன். நிறையப் பேர் சிரித்தார்கள்.

2024 பிப்ரவரி 28
மிச்சிகன் அக்கா நேற்று "யாருக்கும் இல்லை" என்ற கட்டத்தில் போட்டிருக்கிறார், காசாவுக்காக. அவரைப் போல ஒரு லட்சத்துக்கு மேல். ஃப்ளோரிடாவில் கட்சி பைடன் பெயரை மட்டும் அனுப்பியதால் பிரைமரியே கிடையாது. அங்கே எத்தனை பேர் அப்படிப் போட்டிருப்பார்கள் என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

2024 ஜூலை 22
ஜூன் 27 விவாதத்தை நானும் மனைவியும் சேர்ந்து பார்த்தோம். இருபதாவது நிமிடத்தில் அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நேற்று பைடன் விலகினார்.

ஜனவரியில் அனுப்பிய ஐஸ்க்ரீம் ஜோக்கைத் தேடி எடுத்துப் படித்தேன். பிலிப்ஸ் ஜெயித்திருப்பார் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. அவர் ஆளும் இல்லை. ஆனால் பெரிய ஆள் ஒருவர் நின்று, இலையுதிர் காலத்திலேயே பைடனை ஒரு மேடையில் ஒன்றரை மணி நேரம் நிற்கவைத்திருந்தால், ஜூனில் பார்த்ததை அப்போதே பார்த்திருப்போம். நிற்கக்கூடிய கவர்னர்கள் எல்லாரும் வரிசையில் நின்று அவருக்கு ஆதரவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பத்து வருடம் முன்னால் தம்பி கேட்டது இதைத்தானே? கட்சி ஒற்றுமையாக இருந்தது. ரொம்ப ஒற்றுமை.

அம்மா மன்னார்குடியிலிருந்து போன். "நம்ம துளசேந்திரபுரத்துப் பொண்ணாமே?" கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் அது, பக்கத்தில்தான். கோயிலில் அர்ச்சனை நடக்கிறதாம். 2019ல் கமலா ஐயோவாவுக்கு முன்பே போட்டியிலிருந்து விலகியவர், பிரைமரியில் ஒரு ஓட்டும் வாங்கி நிரூபித்தவர் இல்லை என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

2024 நவம்பர் 10
இழுபறி மாநிலம் ஏழும் போனது. மூன்றரை மாதத்தில் பிரசாரம் நடத்தி இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்கிறாள் மனைவி. பிரைமரியில் அடிபட்டுத் தேறி வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்கிறார் அக்கா. அடி பட்டுத் தேறாமலே போயிருந்தால் என்கிறார் தம்பி. மறுமுனையில் டிரம்ப் ஒரு பிரைமரி விவாதத்துக்கும் போகவில்லை, நிக்கி ஹேலி மார்ச் வரை நின்றும் வாஷிங்டன் நகரமும் வெர்மான்டும்தான் எடுத்தார். எதிர்ப்பைச் சந்திக்காமலே ஒருவர் ஜெயித்துவிட்டார். என் பத்து வருடத்துத் தத்துவத்தில் இதற்கு இடமே இல்லை.

2025 நவம்பர் 9
தம்பிக்கு மறுபடி கேள்வி. இப்போது அவர் கிட்டத்தட்ட ரிபப்ளிகன் ஆகிவிட்டார் என்பது தனிக் கதை. "2028க்கு துணை ஜனாதிபதி வான்ஸ்தானே, அவருக்கு எதிராக எதற்கு ஆள்?"

நிற்கட்டும் தம்பி. அவருக்கு எதிராக யார் நின்றாலும் ரிபப்ளிகன் சீட்டைக் கேட்டு வாங்கி ஓட்டுப் போடலாம் என்றுகூட நினைத்தேன். இந்தப் பக்கம் இல்லினாய் கவர்னர் பிரிட்ஸ்கர் ஏப்ரலிலேயே மான்செஸ்டர் வந்து பேசிவிட்டுப் போய்விட்டார். ஆனால் ஒரு சிக்கல். மாநில இணையப் பக்கத்தில் என் பெயரைப் பார்த்தால் "டெமாக்ரட்" என்று இருக்கிறது. 2024 ஜனவரியில் பைடன் பெயரைக் கோணல்மாணலாக எழுதிய வெட்கத்தில், வெளியேறும் மேசையில் அந்த அட்டையில் கையெழுத்துப் போடாமலே வந்திருக்கிறேன். ஒன்றேமுக்கால் வருடமாக முழு நேரக் கட்சிக்காரன், எனக்கே தெரியாமல்.

மெயின் ஸ்ட்ரீட்டில் நகராட்சிக் கட்டடத்துக்குப் போய் மாற்ற வேண்டும். 1960ல் கென்னடி பிரசாரம் தொடங்கிய இடம் என்று வாசலில் சிலை வைத்திருக்கிறார்கள். பிரைமரிக்குச் சில மாதம் முன்பே மாற்றிவிட வேண்டும், கடைசி நேரத்தில் முடியாது. இந்த வாரம் போகலாம் என்றிருந்தேன், பனி ஆரம்பித்துவிட்டது.